கீழறைக்குத் தண்ணீர் எப்போது வந்தது?

ஹட்டன்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மகளுக்குப் பண்டாரவளைக்கே இடமாற்றம் வந்த செய்தியை வாசித்ததும் என் வீட்டுக்காரி சாமிக்கு விளக்கு ஏற்றிவிட்டாள். முழங்கால் பற்றி நீ எழுதியதை மட்டும் நான் நம்பவில்லை. நாலு வருசமாகக் "கொஞ்சம் பரவாயில்லை" என்றுதான் எழுதுகிறாய்.

நான் உடனே பேனை எடுத்தது கடைசியில் நீ போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிக்காக. சாமான் காம்பராச் சுவர் கீழ்ப்பக்கம் ஊறுகிறது, மேசன் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார், உள்ளே வாட்டர்புரூஃப் பெயின்ட் இரண்டு தரம் அடித்தால் நின்றுவிடும் என்கிறார், அட்வான்ஸ் கேட்கிறார். மச்சான், அந்தக் காசு இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். போன வருசம் நானும் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் கீழறை உனக்கு ஞாபகம் இருக்கும். மேலே படிக்கட்டுப் பாதையிலிருந்து பார்த்தால் வீடு ஒரு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. கீழறையின் முகம் பள்ளத்தைப் பார்த்து, முதுகு மலையைப் பார்த்து. பென்சன் எடுத்த பிறகு அங்கேதான் கணக்கு டியூசன் வைக்கிறேன். போன வருசம் மே மாதம் மழை தொடங்கியதும் பின்சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஈரம் கசிந்தது. ஜூலையில் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாங்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பழைய வினாத்தாள் கட்டுகள் எல்லாம் பூஞ்சணம்.

பாஸ் வந்தார். பிளாஸ்டரைச் சுரண்டி, பூசி, பளபளவென்று வெள்ளை அடித்துக் கொடுத்தார். ஐந்து கிழமை தாக்குப் பிடித்தது. ஒக்டோபர் மழைக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியது. ஒரு உப்பலை நகத்தால் குத்திப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி ஓடியது; உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு பூத்திருந்தது. சீமெந்துக்குள் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, சுவரின் மேல்பக்கம் காயும்போது விட்டுவிட்டுப் போகிறது. வெளியிலிருந்து மண்ணும் தண்ணீரும் தள்ளுகிற சுவருக்கு உள்பக்கம் பெயின்ட் அடித்தால், அந்தத் தள்ளலில் முதலில் கழன்று வருவது பெயின்ட்தான். இரண்டாம் தரம் கூப்பிட்டபோது பாஸ், "சேர், இது ஊத்து. மலைக்குள்ளே ஊத்துக்கண் திறந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பயப்பட அந்த ஒரு சொல் போதாதா? அடுத்த மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. அதற்குப் பிறகு மலைப்பக்கம் சுவர் வைத்திருக்கும் எவனுக்கும் ஈரம் வெறும் ஈரமாகத் தெரியவில்லை. 2014இல் மண்சரிவு நடந்த மீரியபெத்தைக்கு நீயும் நானும் துணிமூட்டை கொண்டுபோனோமே, அந்த மண் வாடை ராத்திரியில் மூக்குக்கு வரும். டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். கலங்கின தண்ணீரா, தெளிந்த தண்ணீரா? மேலே பாதையில் புதுசாக வெடிப்பு இருக்கிறதா? கரண்ட் கம்பம் சாய்ந்திருக்கிறதா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கிராம சேவகரிடமும் சொல்லி வைத்தேன். தண்ணீர் தெளிவாகவே வந்தது, வெடிப்பும் இல்லை. இருந்தாலும் தூக்கம் வரவில்லை.

இதற்கிடையில் ஒரு பாவமும் செய்தேன். பாதைக்கு மேலே இருக்கிறாரே, அந்த மேல்வீட்டுக்காரருடைய பைப்தான் உடைந்திருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, ஒரு நாள் காலையில் வாசலில் நின்று சத்தமாகக் கதைத்துவிட்டேன். மனிதர் எதிர்த்துப் பேசவில்லை. "சரி சேர், ரெண்டு நாளைக்கு மெயின் வால்வைப் பூட்டுறேன், பாருங்க" என்றார். பூட்டினார். வீட்டில் ஆறு பேர், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துச் சமாளித்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு மழை பெய்தது. கீழறைக்குத் தண்ணீர் வழக்கம்போல் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான், முப்பது வருசம் கணக்குப் படிப்பித்தவன் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தேன். வாய் முதல் அடி வரை ஒரே அகலமாக இருக்கிற ஜாம் போத்தல் ஒன்றில் அடிமட்டத்தை ஒட்டி முற்றத்தில் வைத்தேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மில்லிமீற்றர், கீழே முதல் ஈரம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்போது நின்றது என்று எழுதினேன். ஈரம் ஏறின உயரத்தைச் சுவரிலேயே பென்சிலால் கோடு போட்டுத் திகதியும் எழுதினேன். எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள், நானும் எல்லாரையும் கேட்டேன். எப்போது வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, பாஸும் கேட்கவில்லை.

மூன்று கிழமையில் கொப்பி கதைக்கத் தொடங்கியது. வருவது ஒரு தண்ணீர் இல்லை மச்சான், இரண்டு. ஒன்று அவசரக்காரத் தண்ணீர். பலமான மழை தொடங்கி இருபத்தைந்து நிமிசத்துக்குள் இடது மூலையில் வரும், மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் நின்றுவிடும். மற்றது சோம்பேறி. மழை பெய்த அடுத்த நாள் சுவரின் நீளத்துக்குக் கணுக்கால் உயரத்தில் ஊறும், வெயில் அடித்தாலும் இரண்டு மூன்று நாள் இருக்கும். பைப் உடைந்திருந்தால் மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, வெயில் நாளிலும் ஒரே அளவாக வரும். அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் மேல்வீட்டுப் பிள்ளைகள் குளிக்காமல் பள்ளிக்குப் போயிருக்க மாட்டார்கள்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. முப்பது பிள்ளைகள் சன்னலைப் பூட்டிக்கொண்டு மூச்சு விடுகிற அறை, நம்ம ஊர்க் குளிர். சுவர் வேர்க்கத்தானே செய்யும்? ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். வேர்வை என்றால் பொலித்தீனின் அறைப்பக்கம் நனையும். எனக்கு அறைப்பக்கம் காய்ந்திருந்தது, சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஆகவே சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது.

ஜனவரியில் மழை ஓய்ந்ததும் சோதனை செய்தேன். சோதனைக்கு வெயில் காலம்தான் நல்லது, வேறு தண்ணீர் வந்து குழப்பாது. டியூசன் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, முதலில் முற்றத்தின் சீமெந்தில் ஹோஸ் பிடித்தோம். அரை மணித்தியாலம், ஒன்றும் இல்லை. அடுத்தது பாதையோரத் தண்ணீர்க் கான், அதுவும் இல்லை. பிறகு கேசரிப் பவுடர் ஒரு பக்கெட்டை வாளித் தண்ணீரில் கலக்கிப் பின்பக்கக் கூரைப் பீலியில் ஊற்றி, மேலே ஹோஸையும் போட்டோம். நான் கீழே டோர்ச்சுடன் குந்திக்கொண்டு இருந்தேன். பதினெட்டாவது நிமிசம் இடது மூலையில், சுவருக்கும் தரைக்கும் நடுவில், எறும்புச்சாரி மாதிரி மெல்லிசாக ஒரு செம்மஞ்சள் கோடு ஊர்ந்து வந்தது. விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

ஏனென்றால் அந்தப் பீலித் தண்ணீர் இறங்கும் பைப்பை மண்ணில் புதைத்தவன் நான். அப்பா வீடு கட்டும்போது மலைப்பக்கம் கருங்கல் அணை கட்டி, அணைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டு, அடியில் திறந்த கான் வைத்திருந்தார். பாதையிலிருந்து வாசலுக்கு ஒரு பலகைக்கல்லில்தான் கால் வைத்து வருவோம். நீகூட ஒருமுறை, "உங்க வீட்டுக்கு அகழி இருக்குடா" என்று நக்கல் அடித்தாய். தோட்டத்தில் கான் வெட்டியே கை காய்த்துப்போன மனிதர், சும்மாவா விட்டிருப்பார்? 2011இல் நான் மோட்டார்சைக்கிள் நிறுத்த முற்றம் வேண்டும் என்று அந்த இடைவெளியை மண் போட்டு நிரப்பி, மேலே சீமெந்து போட்டு, பீலித் தண்ணீர் பைப்பையும் அதற்குள்ளேயே இறக்கிவிட்டேன். போட்ட மண் வருசத்துக்கு வருசம் இறுகி இறங்கும். பைப்பும் சேர்ந்து இறங்கி, எல்போ மூட்டு கழன்றுவிட்டது. தோண்டினபோது இரண்டு விரல் நுழையும் இடைவெளி.

பின்பக்கக் கூரை 60 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்கிற நாளில் 6,000 லீற்றர், அதாவது நம்ம கறுப்பு ஆயிரம் லீற்றர் டாங்கி ஆறு. அத்தனையையும் நானே பைப் போட்டு என் அத்திவாரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். கரும்பலகையில் இதே கணக்கை எத்தனை தரம் எழுதியிருப்பேன்!

பைப்பை வெட்டி, மண்ணுக்கு மேலாலேயே பள்ளத்துக் கானுக்குத் திருப்பினேன். அடுத்த மழைக்கு அவசரக்காரன் வரவில்லை, சோம்பேறி வந்தான். அது மலைத் தண்ணீர். அணையில் அப்பா விட்டிருந்த வடிகால் ஓட்டைகளையும் நான் போட்ட மண் மூடியிருந்ததால், அந்தத் தண்ணீர் மண்ணில் ஊறி வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு இருந்திருக்கிறது. அந்தச் சுவரோ வெறும் சீமெந்துக் கல். மண் தாங்கக் கட்டினதே இல்லை.

ஆகவே தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. பெப்ரவரியில் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மூன்று மூன்று அடியாகத்தான் இறக்கினோம். மலையடியில் ஒரேயடியாக நீளத்துக்குத் தோண்டுவது வீட்டோடு விளையாடுகிற வேலை. 36 அடி நீளம், எட்டடி ஆழம், ஆறு கியூப்புக்கு (ஒரு கியூப் நூறு கன அடி) கொஞ்சம் குறைவு, ஐந்நூறுக்கு மேல் உரப்பை மண். அணை தெரிந்ததும் மூத்தவர் ஓட்டைகளுக்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். மூன்றாவது ஓட்டையிலிருந்து சேறு கக்கி, பிறகு சுண்டுவிரல் கனத்தில் தெளிந்த தண்ணீர். குடித்தே பார்த்தார் மனிதர். உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, 36 அடிக்கு நாலரை அங்குலம் சரிவு வைத்து கான் போட்டோம். வீட்டுச் சுவரின் வெளிப்பக்கம் பூசித் தார் அடித்தோம். வாசலுக்கு மறுபடியும் பலகைக்கல். மோட்டார்சைக்கிள் பாதையிலேயே நிற்கிறது, வீட்டுக்காரி இன்னும் அதற்கு என்னை மன்னிக்கவில்லை.

மேல்வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். வால்வைத் திறந்த நாளிலிருந்து அது ஒழுகுகிறதாம். புதுசு ஒன்று வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன்.

இந்த ஜூன் முழுக்க இங்கே மழை. தரை காய்ந்து கிடக்கிறது. வலது பக்கம் மட்டும் கைக்குட்டை அளவு ஒரு ஈரம் வந்து வந்து போகிறது. அதற்கும் ஒரு கொப்பிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

உன் கதைக்கு வருகிறேன். உங்கள் பக்கம் பெருமழை ஒக்டோபரில்தான், இப்போது வெயில். அதனால் இந்த இரண்டு மாதம்தான் உனக்குச் சோதனைக்கு. முதலில் மீற்றரைப் பார். எல்லாப் பைப்பையும் பூட்டியும் முள் சுற்றினால் வேலை அங்கேயே முடிந்தது. பிறகு பொலித்தீன், பிறகு ஹோஸ். ஹோஸைக் கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடமாக, இடத்துக்கு அரை மணித்தியாலம் கொடு. அவசரப்பட்டு எல்லா இடத்திலும் ஒன்றாக அடித்தால் எது என்று தெரியாது. உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கம் உங்கள் பக்கத்துக் கிணறுகளை வற்ற வைத்த காலத்தில் தண்ணீர் பௌசருக்கு வாளி பிடித்து நின்றவனிடம், தண்ணீரைச் சுவரில் அடித்துப் பார் என்று எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அடி.

சுவரை ஒட்டின மண் வீட்டுப் பக்கம் சரிந்திருக்கிறதா பார். பத்தடிக்கு ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். மண்வெட்டியும் ஒரு நாளும் போதும். அதற்கும் நிற்காவிட்டால்தான் வெளியே தோண்டல்: சுவருக்குத் தார், அடியில் ஓட்டை போட்ட நாலு அங்குலப் பைப், சுற்றிலும் சல்லி, மண் புகாமல் ஜியோடெக்ஸ்டைல் துணி. சாக்கு வைக்காதே, இரண்டு வருசத்தில் உக்கிவிடும். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகவும் விடாதே. கூரைத் தண்ணீர் பைப்பை அந்த ஓட்டைப் பைப்போடு யாராவது சேர்க்கப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்து, எங்கள் கதை திரும்ப வரும்.

பாஸிடம் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல். முதல் ஹோஸ் அடித்ததும் நேரத்தைக் குறித்து எனக்கு எழுது. எந்த மூலை, எத்தனை நிமிசம் என்று.

உன் கூட்டாளி