மேற்கு ஜன்னல் அளவை முதலில் அனுப்பு

பாம்பன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாயி,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் சுகந்தானே?

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ வைத்துவிடுவாய். ஜன்னல் ஸ்க்ரீன் விஷயம் அப்படி முடிகிறது இல்லை. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். நீ அனுப்பிய படங்களையும், அந்த இன்டீரியர்காரர் கொடுத்த கொட்டேஷனையும் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். ஆறு ஜன்னலுக்கு 48,000 ரூபாய். விலையைப் பற்றி நான் பேசவில்லை. சென்னையில் கூலியும் வாடகையும் அப்படித்தான். ஆனால் எந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்காமலே போட்ட கணக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு ஜன்னலும் ஒரே திசையைப் பார்த்தா இருக்கின்றன?

உன் தாத்தா பாய்மரப் படகுக்குப் பாய் தைத்தவர் என்று உனக்குத் தெரியும். 64 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி வீடு போனபின் பாம்பனுக்கு வந்தவர். வல்லத்துக்குப் பாய் தைக்க யார் வந்தாலும் முதலில் அவர் கேட்பது, "வடகடலா, தென்கடலா?" என்றுதான். எந்தக் கடலில், எந்த மாதத்தில் ஓடப்போகிறது என்று தெரியாமல் காடாத் துணியில் கத்திரி வைக்க மாட்டார். படகுக்கு எஞ்சின் வந்தது, அந்த வேலை போனது. நான் சட்டை தைத்தேன், அப்புறம் லாட்ஜுகளுக்கு ஸ்க்ரீன் தைத்தேன். வேலை மாறினாலும் கேள்வி மாறவில்லை. அவர் பாய் காற்றைப் பிடிக்க வேண்டும், என் ஸ்க்ரீன் காற்றை விட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது காசு செலவில்லாத வேலை. ஒரு விடுமுறை நாளில், காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று எழுது. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று அந்த ஆள் சொன்னதாகச் சொன்னாய். அது நம் பக்கத்துக்குப் பொருந்தாது. இங்கே சித்திரை பிறக்கிறபோது உச்சி வெயிலில் நம் நிழல் காலடியில் வந்து நிற்கும். சென்னையில் அது ஏப்ரல் 24 வாக்கில். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை உச்சிச் சூரியன் உங்களுக்கு வடக்கே சாய்ந்துதான் போகும். வைகாசி, ஆனியில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். கடுமையாக இருக்காது, மெல்லிய துணி போதும்.

கடுமை உன் ஹால்தான். மேற்கு பார்த்த ஐந்தடிக் கண்ணாடி, எட்டாவது மாடி, எதிரே ஒரு மரம்கூட இல்லை. சாயங்கால வெயில் படுத்துக்கொண்டு வரும். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு எத்தனை அடி நீட்டினாலும் அதைத் தடுக்காது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வெயில் பாதி வேலையை முடித்துவிட்டது என்று வைத்துக்கொள். அப்பத்தா பனையோலைத் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டியதற்குக் காரணம் அதுதான். உன் குடியிருப்பில் வெளியே எதுவும் கட்ட விட மாட்டார்கள் என்கிறாய். பால்கனி உங்கள் கணக்கில்தானே வரும்? அங்கே ஒரு மூங்கில் தட்டியைச் சுருட்டி இறக்குகிற மாதிரி தொங்கவிட முடியுமா என்று அசோசியேஷனில் கேட்டுப் பார். வெட்டிவேர்த் தட்டி வேண்டாம். தண்ணீர் தெளித்தால் குளிரும் என்பது வறண்ட ஊருக்குச் சரி. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. வாசனை வரும், குளிர்ச்சி அவ்வளவாக வராது.

வெளியே ஒன்றும் முடியாது என்றால் உள்ளேதான் பார்க்க வேண்டும். கனமான பருத்தித் துணி, கண்ணாடியைப் பார்க்கிற பக்கம் வெள்ளை லைனிங். வெள்ளை, வந்த வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். லைனிங் இருந்தால் முன்துணியின் சாயமும் சீக்கிரம் வெளுக்காது. மேலே கம்பியை மூடுகிற பெட்டி, அதுதான் பெல்மெட், அதை வைக்கச் சொல். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே சூடான காற்று மேலே ஏறி, திறந்த இடம் வழியாக அறைக்குள் கொட்டும். பெல்மெட் அழகுக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அளவு. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள், நான் உட்பட. ஜன்னலை அளக்காதே, கம்பியை அள. உன் ஜன்னல் 60 அங்குலம். கம்பி இரண்டு பக்கமும் 6 அங்குலம் தள்ளிப் போக வேண்டும், ஆக 72. அப்போதுதான் ஸ்க்ரீனைத் திறக்கும்போது துணி சுவரோரம் ஒதுங்கி, கண்ணாடி முழுசாகத் திறந்து கிடைக்கும். துணி கம்பியைப் போல இரண்டு மடங்கு, 144 அங்குலம். ஒன்றரை மடங்கில் சிக்கனம் பிடித்தால் மூடியபோது மடிப்பே இல்லாமல் போர்வை காயப்போட்ட மாதிரி தொங்கும். கடையில் துணி அகலத்தைப் பன்னா என்பார்கள். 48 அங்குலப் பன்னா என்றால் மூன்று வேண்டும், பக்கத்துக்கு ஒன்றரை. அரைப் பன்னாவைச் சுவர்ப் பக்கம் வைத்துத் தைக்க வேண்டும், நடுவில் வரக்கூடாது. ஒட்டு கண்ணில் படும்.

உயரத்துக்கு வா. கம்பி தரையிலிருந்து 84 அங்குலம் என்று வை. கீழ்ப்பட்டி 4 அங்குலம், இரட்டையாக மடிப்பதால் 8. மேலே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்து மடிக்க 5. ஆக ஒரு துண்டு 97 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். மூன்றுக்கு ஏழரை. பருத்தி என்றால் எட்டாக வாங்கு. பூப்போட்ட துணி எடுத்தால் இன்னும் கூட வேண்டும், பூவுக்குப் பூ பொருந்த வேண்டுமே. அதனால்தான் கோடும் பூவும் இல்லாத துணியை எடு என்கிறேன். உன் அம்மா இதைப் படித்தால் "கஞ்சன்" என்பாள்.

எட்டு மீட்டரையும் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் நனைத்து நிழலில் காயப்போடு. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நீ நாலாவது படிக்கும்போது ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு 22 அறைக்கு ஸ்க்ரீன் தைத்தேன். அவசரம், பங்குனி முடிவதற்குள் வேண்டும் என்றார்கள். நனைக்காமல் வெட்டினேன். முதல் சலவையிலேயே எல்லாம் நாலு விரல் மேலே ஏறிக்கொண்டது, வளர்கிற பையனின் பேன்ட் மாதிரி. அதோடு போகவில்லை. விலை குறைவு என்று இரும்பு வளையம் போட்டிருந்தேன். ஒரே வருஷத்தில் உப்புக் காற்று அதைத் தின்று, துணியெல்லாம் துருக்கறை. மீதிப் பணத்தை அவர்கள் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு உனக்குப் பாவாடை சட்டை ஏன் அதே ஸ்க்ரீன் துணியில் வந்தது என்று இப்போது தெரிகிறதா?

உன் வீடும் கடலிலிருந்து தூரம் இல்லை. கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அலுமினியம். ஸ்டீலிலும் 316 என்று ஒரு வகை உண்டு, உப்புக்கு அதிகம் தாங்கும், விலையும் அதிகம். உனக்கு 304 போதும், மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்தால். வளையம் ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டைப்படையில் இருக்கட்டும், எட்டு அல்லது பத்து. ஒற்றைப்படையில் வைத்தால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், மற்ற ஓரம் உன்னைப் பார்த்துத் திரும்பி நிற்கும். 48,000 கொடுத்தாலும் இதை எண்ணிப் பார்.

எட்டாவது மாடியில் காற்று வரும், துணி பறக்கும். இங்கே நான் கீழ்ப்பட்டிக்குள் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டை வைத்துத் தைப்பேன். உனக்கு அது வேண்டாம். பேரன் கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயசு, ஈயம் உள்ளே போனால் ஆபத்து. ஒரு ரூபாய்க் காசு துருப்பிடிக்காது. பட்டியின் மூலையில் தனிப் பை மாதிரி தைத்து, நாலு காசை உள்ளே போட்டு, வாயை மிஷினில் இறுக்கமாக மூடிவிட்டால் போதும். அதையும் பிய்த்துவிடுகிறானா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்.

இன்னொன்று, அவனை வைத்துத்தான் சொல்கிறேன். கொட்டேஷனில் அவன் அறைக்கு, பட்டை பட்டையாக இறங்குகிற ஜீப்ரா பிளைண்ட் போட்டிருக்கிறார்கள். அதில் ஏற்றி இறக்க ஒரு கயிறு வளையமாகத் தொங்கும். குழந்தை கழுத்தில் மாட்டிக்கொண்டு உயிர் போன கதைகள் உண்டு, தாயி. அந்த அறைக்குக் கயிறு உள்ள எதுவும் வேண்டாம். கட்டிலையும் ஜன்னல் ஓரத்தில் போடாதே. இதில் மட்டும் நான் சொன்னபடி கேள்.

படுக்கையறைக்கு பிளாக்-அவுட் துணி சரி. மாப்பிள்ளை ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிறார், அவருக்கு இருட்டு வேண்டும். அதன் பின்பக்கப் பூச்சின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதே, ஒட்டிக்கொள்ளும். சமையலறைக்கு ஸ்க்ரீனே வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் துணி எதற்கு?

கிழக்கு ஜன்னலுக்கு நெட் துணி போதும். ஆனால் ஒன்று: பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு, அதனால் எதிர் வீட்டுக்காரருக்கு நீ தெரிய மாட்டாய். ராத்திரி விளக்கைப் போட்டால் அப்படியே தலைகீழ். அந்தப் பக்கம் ஆட்கள் குடிவந்த பிறகு வேண்டுமானால் பின்னால் இன்னொரு துணி போட்டுக்கொள்ளலாம். இப்போதே வாங்கி மாட்டாதே. அந்த ஜன்னலில் காலை வெயில் தரையில் விழுந்து கிடக்கிற படத்தை நீ அனுப்பினாய். அதை மூடவா 8,000 ரூபாய் கொடுக்கப் போகிறாய்?

கார்த்திகை, மார்கழியில் ஸ்க்ரீனைத் துவைத்தால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். தாத்தா ஈரப் பாயைச் சுருட்டி வைத்தவனை அடிக்காத குறையாகத் திட்டுவார். ஒரே வாரத்தில் கரும்புள்ளி விழுந்துவிடும், எதில் ஊறவைத்தாலும் போகாது.

கடைசியில் ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தக் கொட்டேஷனின் கீழே, படிக்கிற அறைக்கு "கைத்தறிச் சேலை ஸ்க்ரீன்" என்று போட்டு, இருப்பதிலேயே அதிக விலை எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரம் ஆனது. நீ எட்டாவது படிக்கும்போது சிநேகிதிகள் வருகிறார்கள் என்று, ஸ்பிரிங் கம்பியில் மாட்டியிருந்த அவளுடைய பரமக்குடிச் சேலையைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் திணித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு இருக்கிறது.

அந்த அறை ஜன்னல் மூன்றடிதான், கம்பி நாலடி. ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றே போதும். இரண்டாக வெட்டினால் ஒரு துண்டில் முந்தானை வரும், மற்றதில் வராது, ஜோடி சேராது. அதனால் முந்தானையைத் தனியே எடுத்து மேலே பெல்மெட்டுக்கு வைத்துவிடுவேன். மீதியில் ஒவ்வொன்றும் 93 அங்குலம் நிற்கும். கீழ்ப்பட்டியைச் சிறிதாக்கினால் சரியாக வரும். கரை இரண்டு பக்கமும் நெட்டாக இறங்கும், அதற்கு மேல் டிசைன் எதற்கு? பட்டு வேண்டாம். வெயிலில் பட்டு இற்றுப்போகும், பருத்திதான் நல்லது.

மேற்கு ஜன்னல் அளவை முதலில் அனுப்பு. இஞ்ச் டேப்பில் எடு, மாப்பிள்ளையின் போனில் இருக்கிற அந்த அளக்கிற சமாச்சாரம் வேண்டாம். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து மூன்றையும் எழுது. என் கண் பழையபடி இல்லை, ஆனால் நேர்த்தையலுக்குக் குறைவில்லை. துணியை நீ அங்கே எடுத்தாலும் சரி, கரூர்ச் சரக்காக மதுரையில் நான் எடுத்தாலும் சரி. பாலத்தில் ரயில் ஓடாமல், மண்டபம் வரைக்கும் போய் ஏறிய காலம் முடிந்துவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாலத்தில் ஓடுகிறது. தைத்த மூட்டையோடு இங்கேயே ஏறிவிடுவேன். கம்பி மாட்ட ட்ரில்லிங் மிஷின்காரரை மட்டும் நீ சொல்லி வை.

அம்மா வெங்காய நிறத்தில் ஒரு பரமக்குடிச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். இந்தத் தடவை உனக்குச் சம்மதமா என்று கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா