லோ-ஈ (வெக்கையைத் தடுக்கிற மெல்லிய கோட்டிங் உள்ள) கண்ணாடியைத் திருப்பிப் பூட்டினது சம்பந்தமான புகார்

மேனேஜர் அவர்களுக்கு வணக்கம்,

வெள்ளவத்தையில மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற எங்கட பிளாட்டுக்கு பழைய மர யன்னலுகளைக் கழட்டிப்போட்டு யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) பிரேமும் ரெண்டு கண்ணாடி சேர்ந்த டபுள் கிளாஸும் போட்டது உங்கட கொம்பனிதான், காசும் முழுசாக் கட்டியாச்சு, ஆனா பின்னேரத்தில ஹோலுக்க இருக்கேலாத வெக்கை அப்பிடியே இருக்கு. ரயில் சத்தம் நல்லாக் குறைஞ்சது, அதை மறைக்கேல்ல. ஆனா சத்தத்துக்காக நாங்கள் இவ்வளவு காசு போடேல்ல, மேற்கு வெயிலுக்கும் ஏசி ஓடி ஓடி ஏறுற கரண்ட் பில்லுக்கும்தான் போட்டது, அதை உங்கட சேல்ஸ் தம்பியிட்ட முதலே சொன்னனாங்கள், அவரும் "லோ-ஈ கோட்டிங் அக்கா, வெக்கையை வெளியிலேயே மறிச்சிடும்" எண்டுதான் கொட்டேஷன் தந்தவர்.

போன் பண்ணினா கொழும்பு வெயில் அப்பிடித்தான், தடிச்ச கர்ட்டன் போடுங்கோ எண்டினம். கர்ட்டன் போடுறதெண்டா பழைய யன்னலுக்கே போட்டிருக்கலாமே!

பிறகு நாங்களே இரவில லைட்டை நூத்துப்போட்டு லைட்டரைக் கொளுத்தி கண்ணாடிக்குக் கிட்டப் பிடிச்சுப் பார்த்தம். ரெண்டு கண்ணாடிக்கு நாலு முகம், ஒவ்வொண்டிலயும் ஒண்டா நாலு சுவாலை தெரியும், அதில கோட்டிங் இருக்கிற பக்கத்தின்ர சுவாலை மட்டும் வேற நிறமாத் தெரியும். எங்கட மாதிரி சூட்டு ஊருக்கு கோட்டிங் வெளிக்கண்ணாடியின்ர உள்முகத்தில இருக்கோணும், அதாவது வீட்டுக்குள்ள நிண்டு எண்ணினா மூண்டாவது சுவாலை. எங்கட வீட்டில நிறம் மாறுறது ரெண்டாவது. கண்ணாடியை உள்ளுக்கு வெளியா திருப்பிப் பூட்டியிருக்கினம், அதால கோட்டிங் உறிஞ்சிற வெக்கை உள்கண்ணாடியில தங்கி வீட்டுக்குள்ளதான் வருது. மேற்குப் பக்கம் எல்லா யன்னலும் இதே கதை.

இன்னொண்டு, பிரேமுக்குக் கீழ மழைத்தண்ணி வடியிறதுக்கு இருக்கிற ஓட்டையளையும் உங்கட ஆக்கள் சிலிக்கனால அடைச்சிட்டுப் போட்டினம், சோளகக் காத்தோட மழை அடிச்சா ட்ராக்கில தண்ணி நிறைஞ்சு உள்ளுக்க ஊத்துது, துவாய் போட்டு மாளேல்ல. (காலமையில கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பனிக்கிறதை நான் குறை சொல்லேல்ல, ஏசி போட்ட வீட்டில ஈரக்காத்து பட்டா அது நடக்கும், அதுக்கு ஆள் அனுப்பி விளக்கம் தரத் தேவையில்ல.)

எனக்கு வேண்டியது, பீடிங்கை (கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற ஓரப் பட்டியை) கழட்டி கண்ணாடியளைச் சரியான பக்கம் திருப்பிப் போடோணும், ஓட்டையளைத் திறந்து விடோணும், கழட்டேக்க ஓரத்து சீல் போய் ரெண்டு கண்ணாடிக்கு நடுவில பனிக்கத் தொடங்கினா அதுக்குப் புதுசு உங்கட செலவில போடோணும், வொரண்டியும் திருத்தின நாளில இருந்து புதுசாத் தொடங்கோணும். இந்த மாச முடிவுக்குள்ள செய்யாட்டி இன்வொய்ஸ், கொட்டேஷன், லைட்டர் வச்சு எடுத்த வீடியோ எல்லாத்தோடையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவன், அவையின்ர 1977 நம்பர் என்ர போனில ஏற்கனவே இருக்கு.

பதிலை எழுத்தில தாங்கோ, போன் கதை எனக்குச் சரிவராது.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்