கவரத்தித் தண்ணீர்

அன்புள்ள தோழிக்கு,

நலம்தானே? மூட்டுவலி குறைந்திருக்கிறதா? பத்து நாளாக லட்சத்தீவில், கவரத்தியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இங்கே மாற்றல். கொச்சியிலிருந்து கப்பலில் வந்தேன்.

வந்ததும் மகள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். மழைத்தண்ணீர் மாதிரி, உப்பும் இல்லை, ருசியும் இல்லை. “கடல் தண்ணிதாம்மா” என்றாள். எனக்கு உடனே உன் நினைவுதான் வந்தது. கருக்கலில் எழுந்துபோய்க் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புவோமே! “ஆழமாத் தோண்டாதீங்கடி, உப்பு ஏறிடும்” என்று உன் அம்மா சத்தம் போடுவாங்க.

இந்தத் தீவின் கதையும் அதேதான். பவளத் தீவு, ஆறு கிடையாது. மழை நன்றாகவே பெய்கிறது. ஆனால் பெய்தது மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. மோட்டார் போட்டு இழுத்தால் ஆடை கிழிந்து உப்பு மேலே வந்துவிடும். வீடுகள் நெருங்கிவிட்டதால் கழிவுத்தொட்டித் தண்ணீர் வேறு கசிகிறது.

2005-இல் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்தது. நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011-இல் லட்சத்தீவின் மற்றத் தீவுகளான மினிக்காய்க்கும் அகத்திக்கும் வந்தது. சென்னைக்குப் பக்கத்து நெம்மேலி ஆலை மாதிரி சவ்வில் வடிகட்டுவது இல்லை, அடுப்பும் இல்லை. மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். மேல்மட்டக் கடல்நீர் 28 டிகிரி இருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் விட்டால் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடுகிறதாம்! நூற்றில் ஒரு பங்குதான் ஆவியாகும். 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் வரும் 12 டிகிரிக் குளிர்நீர் அந்த ஆவியை மறுபடி தண்ணீராக்குகிறது. சோற்றுப்பானை மூடியின் உள்பக்கம் துளித்துளியாக நிற்குமே, அதேதான். மீதி நீரில் உப்பு கொஞ்சம்தான் கூடுகிறது என்பதால் பவளத்துக்கும் பெரிய கெடுதல் இல்லை.

இங்கே கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே கடல் அத்தனை ஆழம். நம் பாக் நீரிணையில் இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரம் நடப்போம்! அங்கே இது நடக்காது.

எனக்கு ஒரு கவலை உண்டு. பம்புகளை ஓட்டும் மின்சாரம் பெரும்பாலும் டீசலில்தான், அந்த டீசலும் கப்பலில்தான் வரவேண்டும். கடலின் அதே சூடு, குளிர் வித்தியாசத்திலிருந்தே மின்சாரம் எடுக்கவும் இங்கே வேலை நடக்கிறது. அது கைகூட வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

அப்புறம், 2011 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 11,000 பேர். ஒரு லட்சம் லிட்டரைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்பது லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் சரி. குளிக்க, துவைக்கக் கிணறுதான். குழாய் வந்த தைரியத்தில் கிணற்றைக் கைவிட்டால் தீவு தாங்காது. பக்கத்து வீட்டு அம்மா தினமும் கிணற்றைச் சுற்றிப் பெருக்கி, வலை போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே போகிறார். பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

நம் ஊற்று இருந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? அந்தப் பக்கம் போனால் சிரட்டையால் கொஞ்சம் தோண்டிப் பார்த்து எழுது. ஆழமாக வேண்டாம்.

அன்புடன்,
உன் தோழி