படங்கு பிடித்த அம்மாயிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது. இடது கைப் பெருவிரலால் தட்டித் தட்டித்தான் இதை எழுதுகிறேன். வசனம் அங்கே இங்கே ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டீம் ஓடிய போட்டியில், நோர்ட்டன் பிரிட்ஜ் தாண்டி அந்த வளைவில் நான் சைக்கிளோடு விழுந்தது எப்படி என்று திரும்பச் சொல்லப்போவதில்லை. வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. சவூதியில் இருக்கும் என் சித்தப்பா அதை எனக்கே அனுப்பி, "இது நீயாடா?" என்று கேட்டிருந்தார். ஆமாம் சித்தப்பா, நான்தான். காறை எலும்பு முறிந்திருக்கிறது, தாடையில் தையல். தலைக்குள் ஒன்றுமில்லை என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். அது எங்களுக்கு முன்பே தெரியும் என்று எங்கள் டீம்காரர்கள் சொல்கிறார்கள். சரி, சிரிக்கட்டும். அவர்களை அப்படிச் சிரிக்க வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியும், லயமும் (தோட்டத்து வரிசை வீடுகள்; அதில் ஒரு வீடுதான் காம்பரா) தெரியும். "என் பேரெல்லாம் போட்டுறாத சாமி, அப்புறம் ஆபீசுல கேப்பாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே அம்மாயி என்றே எழுதுகிறேன். முறைப்படியும் அதுதான் சரி என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது எப்படி என்று பிறகு வருகிறேன்.

கண்ணைத் திறந்தபோது வானம் தெரியவில்லை, நீலப் படங்கு ஒன்றுதான் தெரிந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஈரம் படாமல், செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்வார்களே, அதே படங்கு. அதை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்து என் முகத்துக்கு மேலே பிடித்திருந்தார். மழை கொட்டுகிறது. படங்கின் ஓரத்தால் வழிந்த தண்ணீர் அவருடைய முழங்கையில் இறங்கி, அப்படியே சேலைக்குள் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தில் ஒரு சொட்டு விழவில்லை. நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு அழுத்திய தடம். கூடை ரோட்டோரக் கானுக்கு (வடிகாலுக்கு) பக்கத்தில், பாதிகூட நிறையாமல் கிடந்தது.

"கண்ண மூடாத சாமி. தூங்கக் கூடாது. எந்தத் தோட்டம் நீ?"

"போகவந்தலாவ."

"போகவந்தலாவன்னா அது பெரிய ஊரு. தோட்டத்தச் சொல்லு."

சொன்னேன்.

"மேட்டு லயமா, பணிய லயமா?"

"பணிய லயம்."

"எத்தனாவது காம்பரா?"

தலையில் அடிபட்டவனைத் தூங்கவிடக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அவர் கையில் எடுத்த வைத்தியம் நம் ஊர் வைத்தியம்: யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்கும்வரை விடுவதில்லை. அம்மா பேர், அப்பா பேர், தாத்தா இந்தியாவில் எந்த ஊர், துறையூர்ப் பக்கம் என்றால் எந்தக் கிராமம், குலசாமி எது. எனக்குக் கண் சொருகும். உடனே அடுத்த கேள்வி வரும். பதில் சொல்லாவிட்டால் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு. ஊர் கேட்டு, சாமி கேட்டு ஒன்றும் ஒட்டாததால் வேறு பக்கமாக வந்தார்.

"ஒங்க தோட்டத்துல காமன் கூத்துக்கு ரதி வேசம் கட்டுன ஆளு ஒருத்தரு இருந்தாரே. செவப்பா, ஒல்லியா. மன்மதன் எரிஞ்சப்புறம் அவரு அழுதா சனமே அழுவும்."

"அது எங்க தாத்தாவோட தம்பி."

படங்கு ஆடியது. அந்த ஒருமுறைதான் என் மூக்கில் தண்ணீர் விழுந்தது.

"அடப்பாவி! அந்த ரதியத்தான்டா எங்க அக்காவுக்குப் பேசுனாங்க. சாதகம் சேரல. சேந்திருந்தா நீ எனக்குப் பேரன்!"

சிரித்துவிட்டேன். காறை எலும்பு முறிந்தவர்கள் யாரும் சிரித்துப் பார்க்க வேண்டாம், கத்தியால் குத்துவதுபோல இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை. "சாதகம் சேராட்டி என்ன, நீ பேரன்தான், நான் ஒனக்கு அம்மாயி" என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை நாளில் அந்தப் பக்கம் அட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிள்காரன் அரைக்கால்சட்டையோடு புல்லில் கிடந்தால் அவற்றுக்குத் திருவிழா. அம்மாயி படங்கின் ஒரு மூலையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை விடுவித்து, என் காலில் ஏறியதை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தார். கொழுந்து கிள்ளுகிற அதே பெருவிரல், அதே சுட்டுவிரல், அதே வேகம். காலைப் பார்க்கவேயில்லை. கண் என் முகத்தில்தான் இருந்தது. வாயில் படங்கை வைத்துக்கொண்டே கேள்வியும் நடந்தது. பாதி விளங்கவில்லை. விளங்காததற்கும் "ஆமா அம்மாயி" என்றுதான் சொன்னேன்.

கேள்வி தீர்ந்ததும் கதை தொடங்கியது. கீழே ஓடுகிற தண்ணீரைக் கையால் காட்டி, "இந்தத் தண்ணியில கரண்டு எடுத்து ஊரு ஒலகமெல்லாம் லைட்டு போட்டாங்க, எங்க லயத்துக்கு லைட்டு வந்தப்ப எனக்கு மூணாவது புள்ள பொறந்துருச்சு" என்றார். லக்சபான மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது 1950இல். காசல்ரீயிலிருந்து தண்ணீர் எடுக்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இல். அம்மாயியின் மூன்றாவது பிள்ளைக்கு என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் போட்டியும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து இறங்குகிற போட்டிதான். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கயாக். கரையேறி, தேயிலை மலைக் குறுக்குப் பாதைகள் வழியாக நோர்ட்டன் வரை ஓட்டம். நோர்ட்டனிலிருந்து லக்சபான பக்கமாக இறங்கும் சைக்கிள் பாதை என்னுடையது. கடைசியில், கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி ஆறாகிப் போகிற கித்துல்கலவில் ராஃப்ட். ஒருவர் முடித்தால் மணிக்கட்டிலுள்ள பட்டியைக் கழற்றி அடுத்தவர் கையில் கட்ட வேண்டும். பட்டி வராமல் அடுத்தவர் ஒரு அடி நகர முடியாது. ராஃப்ட்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: மேலே மின்நிலையங்கள் விடுகிற தண்ணீரைப் பொறுத்துத்தான் கீழே ஆறு. நேரம் தப்பினால் பாறைதான் மிச்சம். அதனால்தான் அன்றைக்கு எல்லோரும் நொடி நொடியாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

அம்மாயியும் அன்றைக்கு நேரத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வாரம் அம்மா அவரைப் பார்க்கப் போனார். பழம், பிஸ்கட், வெற்றிலை பாக்கு, வெற்றிலைக்குள் மடித்த கொஞ்சம் காசு. அம்மாவும் கொழுந்தெடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தவர். இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதற்கு முன்பே அம்மா கேட்டாராம்: "அன்னைக்கு ஒங்களுக்குப் பேரு போட்டாங்களா?"

அம்மாயி பேச்சை மாற்றப் பார்த்தார். பக்கத்துக் காம்பரா அக்காதான் சொன்னார்: அரைப்பேர்.

மலையகத்துக்கு வெளியே இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டத்தில் ஒரு கணக்கு இருக்கும். நிறுவையில் அது குறைந்தால் முழுநாளும் மலையில் நின்றாலும் பாதிச் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்காக ஹட்டனிலும் தலவாக்கலையிலும் எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம். 2021இல் அது ஒருவழியாக வந்தபோது, பல தோட்டங்களில் கிலோவையும் கூட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட கணக்குக்குள்தான் அம்மாயி கூடையைக் கானோரம் போட்டுவிட்டு, பகல் நிறுவையை விட்டுவிட்டு, யார் பெற்ற பிள்ளையோ ஒருவனுக்குப் படங்கு பிடித்துக்கொண்டிருந்தார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி முழுப்பேர் போடத்தான் பார்த்தாராம். மேலே ஒத்துக்கொள்ளவில்லையாம். எந்தத் தோட்டம் என்று எழுதமாட்டேன், அம்மாயி நாளைக்கும் அங்கேதான் காலைப் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய் நிற்க வேண்டும். ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. ஓர் உயிரோடு உட்கார்ந்திருந்த நேரத்துக்கு அந்தச் செக்ரோலில் (பேர் போடும் பதிவேட்டில்) ஒரு கட்டம்கூட இல்லையா?

வெற்றிலைக்குள் வைத்த காசு அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஒரு பை மரவள்ளிக்கிழங்கும் ஒரு பலாக்காயும். "அடிபட்ட புள்ளைக்கு நல்லா ஆக்கிப் போடு" என்று உத்தரவு. நன்றி சொல்லப் போன அம்மா கடனோடு திரும்பி வந்தார்.

அம்மாயி, இதை உங்கள் பேத்தி உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் நான் ஒழுங்காக நன்றி சொல்ல நினைத்த ஒவ்வொரு தடவையும் அந்த ரதி கதை ஞாபகம் வந்து சிரிப்புத்தான் வந்தது. இப்போது சொல்கிறேன். நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நான் இருக்கிறேன். நன்றி அம்மாயி.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். அந்த ரோட்டில் எவ்வளவு வேகமாக வரமுடியுமோ அவ்வளவு வேகமாக வந்த, 1990 என்ற எண்ணில் கூப்பிடும் சுவசெரிய ஆம்புலன்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர். டிக்கோயா ஆஸ்பத்திரியின் டாக்டர்மார், தாதிமார், இரவில் எனக்குக் கஞ்சி ஊட்டிய பக்கத்துக் கட்டில் ஐயாவின் மகள். சிக்னல் கிடைக்கும் இடம்வரை மலையேறி ஓடிப் போன் எடுத்த கொழுந்து மடுவத்து (கொழுந்து நிறுக்கும் கொட்டில்) தம்பி. காளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்த பெரியம்மாமார். கத்தாரிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பணம் அனுப்பிய என்னுடைய பள்ளிக்கூட வகுப்புக்காரர்கள். சைக்கிளை இரவல் தந்த நுவரெலியா அண்ணன், அதன் நிலைமையைப் பார்த்துவிட்டு, "இரும்ப நிமித்திரலாம்டா" என்ற ஒரே வசனத்தோடு விட்டுவிட்டார். போட்டி ஏற்பாட்டாளர்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தார்கள், அதற்கும் நன்றி.

அப்புறம் எங்கள் டீம். கை கொப்பளிக்கத் துடுப்புப் போட்ட இரட்டையர்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் சப்பாத்து கிழிந்தும் நிற்காமல் ஓடிய எங்கள் டீச்சர் தங்கச்சி. போட்டிக்காரர்கள் தெம்புக்குச் சாப்பிடும் விலை கூடிய ஜெல் பக்கெட்டுகளுக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டியை உடைத்துப் பொட்டலம் கட்டித் தந்த அவளுடைய அம்மா (அதுதான் நல்லது என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்). கித்துல்கலவில் காத்திருந்த ராஃப்ட்காரர்கள் நான் பேசுகிறேன் என்று தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கினார்களாம். இடம் கிடைக்காது, சும்மா முடிக்கலாம் என்று போட்டி மார்ஷல் அனுமதி கொடுத்திருக்கிறார். கடைசியாக வந்து சேர்ந்த ராஃப்டுக்கு அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் முதலாவதாக வந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை என்று கேள்வி. நம்ம ஆட்கள் சொன்னது, கொஞ்சம் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள், கோபமில்லாமல். அடுத்த முறை வளைவுகளில் நிறுத்த ஆட்களைக் கொழும்பிலிருந்து வான் வண்டியில் ஏற்றி வராதீர்கள். அந்த மலையை உள்ளங்கையாகத் தெரிந்தவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். அந்த நாளுக்கு அவர்களை எடுங்கள், முழுப்பேர்ச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுங்கள், ஒரு விசிலும் கொடுங்கள். எங்கள் நுழைவுக் கட்டணத்தைக் கூட்டினாலும் பரவாயில்லை.

நானும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வருகிற மாசியில் அம்மாயியை எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்குக் கூட்டிவர வேண்டும். இப்போது ரதி வேஷம் கட்டுவது யார், அந்தப் பழைய ரதி அளவுக்கு அழுகிறானா என்று பார்க்க வேண்டுமாம். ஆட்டோ பேசியாகிவிட்டது. கை கூடியதும் திரும்பவும் அதே பாதையில் சைக்கிள் மிதிப்பேன். இந்த ஒரு வரியை மட்டும் யாரும் எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம், அவசரம். எனக்குப் பின்னால் வந்த இன்னொரு டீமின் சிங்களத் தம்பி ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தன் மழை ஜாக்கெட்டைக் கழற்றி என் மேலே போட்டார். என் மணிக்கட்டிலிருந்து பட்டியைக் கழற்றிக் கித்துல்கலவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். மாத்தளைப் பக்கம் என்று சொன்ன ஞாபகம். பெயர் கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த யாராவது இந்தப் பந்தியை மட்டும் சிங்களத்தில் எழுதிப் பகிருங்கள். ஜாக்கெட் கறுப்பு, கழுத்தில் செம்மஞ்சள் கோடு, மீடியம் சைஸ். அம்மா இரண்டு தடவை துவைத்துவிட்டார், இடது கையில் இருக்கும் கிறீஸ் கறை மட்டும் போகவில்லை. எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் போதும், ஹட்டனில் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.