நெடுந்தூர ரைஃபிள் பிரிவு: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர் எண்ணிக்கையில் இந்த ஆண்டு பெரிய மாற்றமில்லை. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் வழக்கம்போலப் பயிற்சி நடந்தது: 600 கெஜம் வரை சென்சுரி ரேஞ்சில், அதற்கு மேல் ஸ்டிக்கிள்டவுனில். கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே ஆண்டு முழுக்க தேநீர் இடைவேளைகளை விழுங்கிய விஷயத்துக்கு நேராக வருகிறேன். சங்கத்துக்குப் பொதுவாக ஒரு ஸ்கோப் (ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாம் என்று முடிவானது, சரி. எத்தனை பவர், அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும்?

ஸ்கோப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. பிரிட்டனில் துப்பாக்கியை இரவல் கொடுக்க உரிமச் சட்டம் பார்க்க வேண்டும்; ஸ்கோப்புக்கு உரிமமே தேவையில்லை. புதிதாக வருபவர் தன் ரைஃபிளில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம்.

இளைய உறுப்பினர்கள் 55, 60 பவர் என்றே நின்றார்கள். அவர்கள் கட்சியிலும் நியாயம் உண்டு. எஃப் கிளாஸ் (ஸ்கோப் வைத்து, ரைஃபிளைத் தாங்கியில் ஊன்றிப் படுத்துச் சுடும் போட்டி) இலக்கின் நடுவிலுள்ள மிகச் சிறிய வட்டமான வி-புல் 1000 கெஜத்தில் 5 அங்குலம்தான், அதாவது ஏறக்குறைய அரை எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்). அதற்குள் எந்தப் பக்கம் பிடிக்கிறோம் என்று தெரிய வேண்டுமென்றால் பவர் வேண்டும். உலகப் போட்டிகளில் பலர் நைட்ஃபோர்ஸ் 15-55, மார்ச் 10-60 மாதிரியான ஸ்கோப்புகளை வைத்திருப்பதும் உண்மை.

ஆனால் வெயில் ஏறிய பிற்பகலில் ஸ்டிக்கிள்டவுனில் படுத்துப் பாருங்கள். இலக்கோடு சேர்த்துக் கானலையும், அதாவது சூட்டில் நெளியும் காற்றையும்தான் ஸ்கோப் பெருக்குகிறது. 50 பவரில் வி-புல் கொதிக்கிற சாம்பார் மாதிரி குமிழியிடும். பவரை 25க்கு இறக்கினால் காற்று மாறிவிடாது. ஆனால் விளிம்பு ஓரளவு நிலைத்துத் தெரியும், கண்ணும் களைக்காது. கானல் முழுக்கப் பகையும் அல்ல. அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் காற்றைப் படிக்கிறோம். அந்த வேலைக்குப் பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தனித் தொலைநோக்கி இருக்கிறது. அதன் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் வைத்தால் ஓட்டம் நன்றாகத் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். முன் லென்ஸின் அகலத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அளவு கிடைக்கும். 56 மி.மீ. லென்ஸில் 25 பவருக்கு 2.2 மி.மீ., 50 பவருக்கு 1.1 மி.மீ. மேகம் மூடிய நாளில் (இங்கிலாந்தில் அதற்கா பஞ்சம்!) அந்த வித்தியாசம் படத்திலேயே தெரியும், தலையை இம்மி நகர்த்தினாலும் படம் கறுத்துவிடும்.

மூன்றாவது, பார்வைப் பரப்பு. உச்சப் பவரில் 1000 கெஜத்தில் தெரிவது ஏறக்குறைய 6 மீட்டர் அகலம். அந்தத் தூரத்து இலக்குப் பலகையின் அகலமே 3 மீட்டர் பக்கம். இருவர் மாறி மாறிச் சுடும் பிஸ்லி முறையில் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கி, மதிப்பெண் குறித்துவிட்டு மறுபடி படுக்கிறோம். திரும்பி வரும்போது குறி நிற்பது நம் இலக்கிலா, பக்கத்து இலக்கிலா? பக்கத்து இலக்கில் விழுந்த சூடு நமக்குச் சுழியம்தான், எவ்வளவு அழகாக விழுந்தாலும். காற்றுக் கொடிகளும் பரப்புக்கு வெளியே போய்விடுகின்றன. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று .308 அங்குல ரகத் தோட்டாவை அந்தத் தூரத்தில் 2 மீட்டர் அளவுக்குத் தள்ளும். கொடியைக் கவனிக்காமல் விட்டவருக்கு 60 பவர் என்ன செய்யும்?

எடையையும் சொல்ல வேண்டும். எஃப் கிளாஸின் ஒரு பிரிவான எஃப்-டிஆர் வகுப்பில் ஸ்கோப், பைபாட் (முன்னே ஊன்றும் இரட்டைக் கால்) எல்லாம் ரைஃபிளோடு சேர்த்து 8.25 கிலோதான் வரம்பு. கனமான ஸ்கோப் என்றால் குழலில் குறைக்க வேண்டியிருக்கும். அப்புறம், 100 கெஜத்திலிருந்து 1000 கெஜத்துக்குப் போகும்போது .308க்குக் குறியை 30 எம்ஓஏக்கு மேல் ஏற்ற வேண்டும்; ஸ்கோப்பின் உள்ளே அவ்வளவு திருப்ப இடமிருக்கிறதா என்பதைப் பவருக்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பலர் விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்ததோடு சரி.

செயற்குழு முடிவு இது: கீழ்ப்பவர் 10 அல்லது 12, மேல்பவர் 40 சுற்றி, மெல்லிய குறுக்குக் கோடு, பக்கவாட்டில் பாரலாக்ஸ் திருகு (தலை நகரும்போது குறியும் நகர்வதுபோலத் தெரிவதைச் சரிசெய்வது). நிலையான 48 பவர் யோசனை கைவிடப்பட்டது. குறுக்குக் கோட்டிலுள்ள அளவுகோல் குறிகள் எல்லாப் பவரிலும் சரியாக இருக்க வேண்டும் என்று முதல் குவியத்தள ஸ்கோப்பை (பவரோடு சேர்ந்து குறிகளும் பெரிதாகும் வகை) ஒருவர் கேட்டார். தெரிந்த தூரத்தில் திருகித் திருத்திச் சுடும் நமக்கு அது தேவையில்லை. பவர் கூடும்போது அதில் கோடும் தடிக்கும்.

ஸ்கோப் வந்ததும் இரவல் பதிவேடு என்னிடம் இருக்கும். எடுப்பவர் அன்றைய வானிலையையும், கடைசியில் எந்தப் பவரில் நிறுத்தினார் என்பதையும் அதில் எழுதித் தர வேண்டும். துப்பாக்கி உரிமம் புதுப்பிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2025 பிப்ரவரி முதல் கட்டணமும் கூடியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்