நிற்கும் கால்களில் தேங்கும் ரத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விற்பனை சூடுபிடித்திருக்கும் இந்த வாரங்களில், ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை நின்றபடியே வேலை பார்க்கும் விற்பனைப் பெண்களின் கால்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். அரசு மருத்துவமனை ஒன்றில் புண்களுக்குக் கட்டுப் போடும் அறையில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், அந்தக் கால்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆறாத புண்ணோடு அங்கு வருபவர்களுக்கு, புண் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அடையாளங்கள் தொடங்கியிருக்கும். மாலையானால் கொலுசு இறுகித் தோலில் பதியும். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் மேலெழும். பிறகு கெண்டைக்காலில், நரம்பு என்று நாம் சொல்லும் ரத்தக்குழாய் சுருட்டிக்கொண்டு புடைக்கும். உட்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் பழுப்பேறித் தடித்து, விரலுக்கு இளகாதபடி இறுகிவிடும். அதன்பின் கொசுக்கடியைச் சொறிந்த ஒரு கீறல் போதும், அது மாதக்கணக்கில் ஆறாமல் நீர் வடிந்துகொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ரத்தம் குறைவது அன்று, வந்த ரத்தம் திரும்பிப் போகாமல் தேங்குவதே. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றும் வேலையில் இதயத்தைவிடக் கெண்டைக்கால் தசைக்கே பங்கு அதிகம். அது சுருங்கும்போது ஆழத்தில் உள்ள சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், பிழியப்பட்டு ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது, அது மீண்டும் கீழிறங்கிவிடாமல் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. நடக்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்கிவிடும். அசையாமல் நிற்பவருக்கோ அதே இடத்தில் 80, 90 வரை இருக்கும். அந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் சிரை விரிந்துபோகிறது, வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன, நுண்குழாய்களிலிருந்து நீரும் சிவப்பணுக்களும் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிகின்றன. தோலின் பழுப்பு நிறம் அப்படிக் கசிந்த அணுக்களின் இரும்புச்சத்து படிந்ததுதான். வடிகால் அடைபட்ட வயலில் தண்ணீர் நிறைந்திருக்கப் பயிர் அழுகுவதைப்போல, ரத்தம் நிறைந்திருக்கும்போதே அந்தத் தோல் பிராணவாயுவும் ஊட்டமும் சரிவரக் கிடைக்காமல் நலிகிறது. தேக்கம் எந்த உறுப்பில் ஏற்பட்டாலும் கதை ஏறத்தாழ இதுதான்; இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தவர்களுக்குக் கல்லீரல் வீங்கி, அதன் செல்கள் மடிவதும் இதே வழியில்தான். ஆழ்சிரையில் தேங்கிய ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைப்பேறு, உடல் எடை, பரம்பரை ஆகியவற்றுக்கும் இந்நோயில் பங்கு உண்டு. ஆனால் அவற்றைக் கடை முதலாளியோ அரசோ மாற்ற முடியாது. ஒரு முக்காலி போடுவது அவர்களால் முடியும். தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை கேரளத்தில் 2018இலும், தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமும்தான் கிடைத்தது. இத்தனை தாமதமாக வந்த சட்டம் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. நான் துணி எடுக்கப் போகும் கடைகளில் முக்காலிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின்மேல் புடவைக்கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அந்தப் பெண்கள் அலமாரியில் சாய்ந்தபடி, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறார்கள்.

இதைப் படிக்கும் ஊழியர்களிடம் ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கால் வீங்குகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடையில் கிடைக்கும் இறுக்கமான கட்டுத்துணியை நீங்களாகவே சுற்றிக்கொள்ளாதீர்கள். சிரைத் தேக்கத்தால் வந்த புண்ணுக்கு அழுத்தக் கட்டு நல்ல மருத்துவம்தான். ஆனால் சர்க்கரை நோயாலோ புகைப்பழக்கத்தாலோ தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைபட்ட காலில் அதே கட்டு உள்ள ரத்தத்தையும் நிறுத்தி, விரலையே கருக்கிவிடக்கூடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே அழுத்தக் காலுறை அணிய வேண்டும். அதுவரை, கிடைக்கும் இடைவெளியில் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், வீட்டில் படுக்கும்போது காலைத் தலையணை வைத்து உயர்த்திக்கொள்வதும் பெரும்பாலானோருக்குத் தீங்கு செய்யாது. காலை உயர்த்தினால் வலி கூடுகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தொழிலாளர் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: முக்காலிகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு திரும்பாமல், உட்கார்ந்ததற்காக யாராவது கண்டிக்கப்பட்டார்களா, சில நிமிடம் நடந்துவர அனுமதி உண்டா என்று ஊழியர்களை மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் விசாரிக்க வேண்டும். ஆய்வாளர்கள் கூட்டமில்லாத காலை வேளையில் அல்லாமல், பண்டிகைக் கூட்டம் நெரியும் மாலை ஆறு மணிக்குமேல் கடைகளுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி