சாதியும் இனமும் கடைசி 25 நிமிடத்துக்கான தலைப்பு அல்ல

அன்புள்ள தோழர்களுக்கு,

குமரி மாவட்டத்தில் படிப்பு வட்டங்களையும் பயிற்சி முகாம்களையும் நடத்தும் இடதுசாரி அமைப்புகளின் பொறுப்பாளர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். நாகர்கோவில் முகாமில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மார்க்ஸுக்கும், அரசே வேண்டாம் என்ற ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனினுக்கும் நடந்த மோதலுக்கு மூன்றரை மணி நேரம். ‘இனம், சாதி, இடதுசாரிகள்’ அமர்வுக்கு இரண்டாம் நாள் தேநீருக்குப் பிறகு 25 நிமிடம். அதற்குள் குலசேகரம் பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப்பேர் பையைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த 25 நிமிடத்தில்தான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து கேட்டார்: “கூலி கூட்டிக் கேக்க எல்லாரும் ஒண்ணாத்தான் வாறோம். ஆனா அண்டி உடைச்சு கை கறுக்கது ஒரு சாதி, பருப்பு தரம் பிரிக்கது வேற சாதி. சங்கத்துல இத எப்ப பேசுவிய?” வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் இதுவும் தீரும் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரல்களோடு ஒருவர் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உங்கள் கையிலேயே இருந்தது.

முகாமில் கொடுத்த நகலில் மார்க்ஸின் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் வேலைநாள் அத்தியாயத்திலிருந்து ஒரு வரி உண்டு: கறுப்புத் தோலில் உழைப்பு சூடு போடப்பட்டிருக்கும் இடத்தில், வெள்ளைத் தோலில் அது விடுதலை பெற முடியாது. அடுத்த வரிகளை வெட்டிவிட்டீர்கள். அடிமை முறை செத்த பிறகே எட்டு மணி நேர இயக்கம் பிறந்தது, அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் கனி அதுதான் என்று மார்க்ஸ் அங்கே எழுதுகிறார். வர்க்கம் முதலில், மற்றது பிறகு என்ற பதிலை மார்க்ஸே அந்த இடத்தில் மறுக்கிறார். வெட்டிய இரண்டு வரிகளைச் சேர்த்து வாசித்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு விடை கிடைத்திருக்கும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த முகாமில் இனம், சாதி பற்றிய விவாதத்துக்கு முதல் நாள் காலையில் முழு அமர்வு ஒதுக்குங்கள்.

தொடங்கும்போதே 20 நிமிடம் சொற்களுக்குக் கொடுங்கள். பக்கூனினின் கொள்கையை ‘அராஜகவாதம்’ என்று பலகையில் எழுதினால் பாதி வாதம் அங்கேயே தோற்றுவிடும். தமிழில் அராஜகம் என்றால் ரவுடித்தனம். ஆள்பவன் இல்லாத கூட்டு வாழ்வு என்று யார் காதிலும் விழாது. அரசின்மைவாதம் என்று எழுதுங்கள். ‘இனம்’ இன்னும் சிக்கல். ஒருவர் நிறத்தை நினைக்கிறார், ஒருவர் தமிழினத்தை, இன்னொருவர் சாதியை. பத்து நிமிடத்தில் மூவரும் மூன்று திசையில் நிற்பார்கள். சாதியும் இனமும் ஒன்றல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 1936-இல் அம்பேத்கரே சாதிக்கு இன விளக்கத்தை மறுத்தார்.

பிறகு, முதலாம் அகிலத்தில் மார்க்ஸ் தரப்பும் பக்கூனின் தரப்பும் பிரிந்த 1872 ஹேக் மாநாட்டுக்கு வாருங்கள். அரசு அதிகாரம் பற்றிய பக்கூனினின் எச்சரிக்கையைப் படியுங்கள், யூதர்களைப் பற்றி அவர் எழுதிய வெறுப்பையும் படியுங்கள். 1862-இல் ஜெர்மன் சோசலிஸ்ட் லசாலைப் பற்றி மார்க்ஸ் எழுதிய கடிதத்தின் நிறவெறிச் சொற்களையும் மறைக்காதீர்கள். இரு தரப்புக்கும் கறை உண்டு என்று தெரிந்தால் கொடி பிடித்துக் கத்துவது குறையும்.

அதன் பின் இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1913-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா துறைமுகத்தில் கறுப்பினத் தொழிலாளி பென் பிளெட்சர் போன்றோர் கட்டிய சங்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கிளையில் இருந்தார்கள், கூட்டத் தலைமையை முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். நம் சங்கங்களில் நாளைக்கே செய்யக்கூடியது இது. இரண்டாவது, 1935-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் சொன்னது: குறைந்த கூலி வாங்கும் வெள்ளைத் தொழிலாளிக்குப் பொது மரியாதை என்ற இன்னொரு கூலியும் கிடைத்தது, அதனால் அவர் கறுப்பரோடு சேரவில்லை. தரம் பிரிக்கும் மேசையை இதோடு வைத்துப் பாருங்கள். சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையும் பிரிக்கிறது என்று அடுத்த ஆண்டே அம்பேத்கர் எழுதியதும் இதைத்தான் தொடுகிறது.

இதைப் பேச நமக்குக் கூச்சம் ஏன் தோழர்களே? கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டி இங்கேதான். மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்ட மண் இது. அதற்கு அனுமதி தந்த திருவிதாங்கூர் அரசின் 1859 பிரகடனம்கூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடையோடுதான் வந்தது. அய்யா வைகுண்டர் காலத்தில் சாமித்தோப்பில் எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு வெட்டியதும் இங்கேதான். இதெல்லாம் விழா மேடையில் வருகிறது, பாடத்திட்டத்தில் வருவதில்லை. நினைத்தால் கோபம்தான் வருகிறது.

மன்னியுங்கள், கேட்க வந்தது வேறு. முதல் நாள் காலை, மூன்று மணி நேரம். ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் வேண்டாம். நகல் 12 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு வாரம் முன்பே கொடுங்கள், அண்டி ஆபீஸிலும் ரப்பர் தோட்டத்திலும் இருப்பவர்கள் ராத்திரிதான் படிக்க முடியும். அந்தப் பெண்ணை மறுபடி அழையுங்கள். அவர் கேட்ட கேள்வியை, அவர் சொன்ன அதே சொற்களில், பலகையில் முதல் வரியாக எழுதி வையுங்கள்.

தோழமையுடன்,
குமரி மாவட்டப் படிப்பு வட்டத் தோழர்கள் சிலர்